எதைக் கேட்டாலும் தெரியும் என்றவர்

எங்கள் கீழ் வீட்டில் குடியிருந்த மனிதரை நினைத்தால் எனக்கு முதலில் வருவது கோபம்தான். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு. காலடிப்பேட்டையில் ஒரே கட்டடம், அவர் கீழே, நாங்கள் மாடியில். பல வருஷம் அப்படி இருந்தோம். அத்தனை வருஷத்தில் அவர் வாயிலிருந்து 'தெரியாது' என்ற சொல்லை நான் கேட்டதில்லை, அந்த ஞாயிற்றுக்கிழமை வரைக்கும்.

கேள்வி முடிவதற்குள் அவரிடமிருந்து பதில் வந்துவிடும். தெருமுனையில் நிற்பார். வெளியூர் ஆள் யாராவது துண்டுச்சீட்டைக் காட்டி விலாசம் கேட்டால், சீட்டைப் படிக்காமலே கையை நீட்டுவார். "நேரா போ நைனா, லெப்டுல ஒரு மாவு மில்லு வரும், அத்த தாண்டி ரைட்டு." மாவு மில்லும் இருக்காது, ரைட்டும் இருக்காது. ஒருமுறை அப்படிப் போனவர் ஒருவர் வெயிலில் சுற்றிவிட்டுத் திரும்பி வந்து சண்டை போட்டார். இவர் அசரவில்லை. நீ மில்லைத் தாண்டாமலே திரும்பிவிட்டாய் என்று அந்த ஆளையே குற்றவாளியாக்கி அனுப்பிவைத்தார். மேலே நின்று பார்த்துக்கொண்டிருந்த எனக்குச் சிரிப்பும் வந்தது, அறையலாம் போலவும் வந்தது.

என் மிக்ஸி ஒருமுறை நின்றுபோனது. கடைக்கு எடுத்துக்கொண்டு படியிறங்கும்போது வழிமறித்தார். மிக்ஸி மெக்கானிசம் தெரியும் என்றார். வாங்கி வைத்துக்கொண்டு அக்கக்காகக் கழற்றினார். அப்புறம் அது சேரவில்லை. தினமும் நான் போய்க் கேட்பேன், தினமும் ஒரு 'பார்ட்டு' வரவேண்டியிருக்கிறது என்பார். அம்மியே இல்லாத வீட்டில் நான் தேங்காயை எதில் அரைப்பேன் என்று கத்தினேன். கடைசியில் ஒருநாள் கொண்டுவந்து கொடுத்தார். ஓடியது. பிறகுதான் தெரிந்தது, ராயபுரத்தில் ஒரு ரிப்பேர் கடையில் சாயங்காலம் சாயங்காலம் போய் உட்கார்ந்து, அந்தக் கடைக்காரர் செய்வதைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டு வந்திருக்கிறார். அந்த மிக்ஸி இன்னும் ஓடுகிறது. அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை.

எங்கள் தெருவில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் சாவு. சர்ச்சுக்குப் போனோம். பாட்டு தெரியுமா என்று யாரோ கேட்க, இவர் முன்வரிசைக்கே போய்விட்டார். எல்லோரும் ஒரு வரியைப் பாடி முடிக்கும்போது இவர் அந்த வரியின் கடைசிச் சொல்லைப் பிடித்து உரக்கப் பாடினார். செத்தவரின் மனைவியே அழுகைக்கு நடுவில் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். இவர் முகத்தில் துளி கூச்சம் கிடையாது. கடைசிப் பாட்டு வருவதற்குள் ராகம் பிடிபட்டுவிட்டது. அதை நன்றாகவே பாடினார்.

என் மாமியாருக்கு மூச்சு முட்டிப் பெரியாஸ்பத்திரிக்கு ஓடிய நாளிலும் அவர்தான் கூட வந்தார். எந்த வார்டு என்று தெரியும் என்று சொல்லி ஸ்ட்ரெச்சரைத் தள்ளினார். கண் வார்டுப் பக்கம் போனோம், பிரசவ வார்டு வாசலுக்குப் போனோம். வழியில் பார்த்த ஒவ்வொருவரிடமும் ஏதோ அங்கேயே வேலை பார்க்கிறவர் மாதிரி அதட்டினார். "இன்னாபா நிக்கிற, வழி வுடு, சீரியஸ் கேசு." அவர் போட்ட சத்தத்தில் ஒரு டாக்டரம்மா வெளியே வந்து பார்த்தார். அதனால் கட்டில் கிடைத்தது. வழி தெரிந்து நான் தனியாகப் போயிருந்தால் வரிசையில்தான் நின்றிருப்பேன்.

இந்தப் பழக்கம் அவருக்கு எங்கிருந்து வந்தது என்று என் வீட்டுக்காரர்தான் எனக்குச் சொன்னார். அவர்கள் இருவரும் இளவயதில் ஒரே கேட்டில் நின்றவர்கள். இங்கே கம்பெனி வாசல்களில் காண்ட்ராக்ட் ஆள் எடுப்பது எப்படி என்று வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது. காலையில் வரிசையில் நிற்க வேண்டும். மேஸ்திரி வருவார். "வெல்டிங் தெரியுமா?" தெரியும் என்றவன் உள்ளே. "பெயிண்டிங் தெரியுமா? உயரத்துல ஏறத் தெரியுமா?" தெரியும், தெரியும். தெரியாது என்றவன் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்கு. அவ்வளவுதான் இண்டர்வியூ. தெரியும் என்று சொல்லி உள்ளே போய்விட வேண்டும், பக்கத்தில் இருப்பவன் எப்படிப் பிடிக்கிறான் என்று பார்த்துப் பிடிக்க வேண்டும், மாலைக்குள் கற்றுக்கொண்டுவிட வேண்டும். இவர் அப்படித்தான் வெல்டர் ஆனார், ஃபிட்டர் ஆனார், கொஞ்ச காலம் கிரேன்கூட ஓட்டினார். முழங்கைக்குக் கீழே தீப்பொறி விழுந்த தழும்புகள் அம்மைத் தழும்பு மாதிரி இருக்கும். முதல் நாள் கையுறை போட வேண்டும் என்பதுகூட அவருக்குத் தெரியாது. கேட்டிருந்தால் வேலை தெரியாதவன் என்று கண்டுபிடித்துவிடுவார்கள், அதனால் கேட்கவில்லை.

இதைச் சொல்லிவிட்டு என் வீட்டுக்காரர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒருவனைப் பொய் சொல்லவைத்து, அந்தப் பொய்யின் தழும்பையும் அவன் கையிலேயே போட்டு அனுப்புகிறார்கள். இதில் சிரிக்க என்ன இருக்கிறது?

என் வீட்டுக்காரரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவருக்குச் சர்க்கரை. காலில் புண் வந்து ஒரு விரலை எடுத்துவிட்டார்கள். அதோடு வேலையும் போயிற்று. ஜன்னல் பக்கம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு நாள் முழுக்கப் போனைப் பார்ப்பார். பேச்சு குறைந்துவிட்டது. காலையில் அவருக்கு இன்சுலின் ஊசி போட்டால் மதியம் நேரத்துக்குச் சோறு உள்ளே போயாக வேண்டும். தள்ளிப்போனால் வியர்க்கும், பேச்சு குழறும், அப்படியே நினைவு தப்பிவிடும். வீட்டிலேயே அப்படி ஆகி, சர்க்கரையைக் கரைத்து வாயில் ஊற்றி நான் எழுப்பியிருக்கிறேன். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் ஆள் போயிருப்பார் என்று டாக்டர் என்னைத் திட்டினார். அன்றிலிருந்து பிஸ்கட்டும் சர்க்கரைப் பொட்டலமும் இல்லாமல் நான் அவரைத் தெருமுனைக்குக்கூடக் கூட்டிப்போனதில்லை.

அவர் போனில் திரும்பத் திரும்பப் பார்த்தது, சதுப்புக்காட்டுக்குள் கயாக் ஓட்டிக்கொண்டு போகும் வீடியோக்கள். நீளமான பிளாஸ்டிக் ஓடம், இரண்டு பக்கமும் மாற்றி மாற்றித் துடுப்பு, தலைக்கு மேலே மரம் கூடை மாதிரி கவிழ்ந்திருக்கும். பிச்சாவரம் போகலாமா என்று ஒருநாள் என்னைக் கேட்டார். மாதக்கணக்கில் அவர் எதையும் கேட்டதில்லை. அவ்வளவு தூரம் இந்தக் காலோடு முடியாது என்றேன். அப்போது கீழ் வீட்டுக்காரர் எங்கள் வீட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"பிச்சாவரம் இன்னாத்துக்கு மச்சான்? நம்ம எண்ணூர்ல கீது. அதே மரம், அதே சேறு. அங்க எல்லா மூலையும் எனக்குத் தெரியும்."

நான் அவரைத் தனியாகப் பிடித்தேன். வழி தெரியாத ஆளோடு நான் இவரை அனுப்ப மாட்டேன், உண்மையாகத் தெரியுமா என்று கேட்டேன். "நான் எண்ணூர்லயே பொறந்தவன் தங்கச்சி" என்றார். பிறந்த ஊரைப் பற்றியாவது பொய் சொல்ல மாட்டார் என்று சரி என்றேன்.

அந்த ஞாயிறு காலை ஆட்டோவில் போய் இறங்கி, டிரைவரைக் காத்திருக்கச் சொன்னோம். முதலில் கரைமேல் நடந்தோம். என் வீட்டுக்காரர் பூட்ஸ் போட்டுக்கொண்டு மெதுவாக வந்தார். ஒரு பக்கம் ஆறு ததும்பிக்கொண்டிருந்தது, மறுபக்கம் அலையாத்தி மரங்கள். சேற்றிலிருந்து அந்த மரத்தின் வேர்கள் மேல்நோக்கிக் குச்சி குச்சியாக நின்றன. மரங்களுக்குப் பின்னாலேயே புகைபோக்கிகள். எங்கோ லாரிகளின் சத்தம் விடாமல் கேட்டது. கீழ் வீட்டுக்காரர் எங்களுக்கு எல்லாவற்றையும் விளக்கிக்கொண்டு வந்தார். கொக்கைக் காட்டினால் சைபீரியாவிலிருந்து வந்தது என்பார். நீர்க்காகத்தைக் காட்டினால் அதுவும் சைபீரியா. ஒரு கம்பத்தின்மேல் சாதாரணக் காக்கா உட்கார்ந்திருந்தது. என் வீட்டுக்காரர் வேண்டுமென்றே அதைக் காட்டி, "இது எந்த ஊரு?" என்று கேட்டார்.

"இது நம்மூருதான். ஆனா அதுங்களோட பழகி பாஷ மாறிப்போச்சி."

என் வீட்டுக்காரர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். விரலை எடுத்த பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அந்தச் சிரிப்புக்காக அந்த மனிதரின் எல்லாப் பொய்யையும் மன்னித்துவிடலாம் என்று அப்போது தோன்றியது.

தண்ணீர் ஒதுங்கின இடங்களில் சேறு கறுப்பாக இல்லை. சாம்பல் நிறத்தில், சிமெண்டு பூசிவிட்டது மாதிரி இருந்தது. அனல்மின் நிலையத்துக் குழாய் உடைந்து உடைந்து வருஷக்கணக்காக வந்து படிந்த சாம்பல். இதை ஆற்றில் விட்டது யார் என்று கேட்டுப் பாருங்கள். எந்த மேஜையில் போய்க் கேட்டாலும் தெரியாது என்பார்கள். நன்றாகத் தெரிந்தவர்கள் எல்லாம் தெரியாது என்று சொல்லிச் சம்பளம் வாங்குகிறார்கள். ஒன்றும் தெரியாத எங்கள் ஆள் தெரியும் என்று சொல்லித்தான் ஒருநாள் கூலி வாங்க வேண்டியிருந்தது.

கயாக் வாடகைக்கு விடுகிறவர் தொப்பி போட்ட நடுவயதுக்காரர். நல்ல மனிதர். ஆரஞ்சு நிற மிதவைச் சட்டைகளை எங்களுக்கு மாட்டி வாரை இறுக்கிவிட்டார். வெயில் ஏறும் நேரத்தில் கடல் உள்வாங்கித் தண்ணீர் வற்றும், சில வாய்க்கால்கள் சுத்தமாகக் காய்ந்துவிடும், எது எது என்று தெரியுமா, இல்லையென்றால் தானும் கூட வருவதாகச் சொன்னார். அவர் முடிப்பதற்குள் பதில் போய்விட்டது. எல்லாம் தெரியும், இங்கேயே பிறந்தவன். அந்த மனிதரும் நம்பி நின்றுவிட்டார்.

என் பையை நான் மடியில் வைத்துக்கொள்ளப் போனேன். பிஸ்கட், சர்க்கரை, எல்லோருடைய போனும் அதில்தான். நனைந்துவிடும், போன் போய்விடும், இதோ ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுச் சோற்று நேரத்துக்கு முன்னால் கரைக்கு வந்துவிடலாம், ஆட்டோவிலேயே விட்டுவா என்றார் கீழ் வீட்டுக்காரர். விட்டுவிட்டேன்.

ஒரு கயாக்கில் நானும் என் வீட்டுக்காரரும். இன்னொன்றில் அவர் தனியாக. முதலில் சுற்றிச் சுற்றி ஒரே இடத்தில் நின்றோம். பிறகு கை பழகியது. பெரிய ஆற்றை விட்டு ஒரு வாய்க்காலுக்குள் நுழைந்தார், அதிலிருந்து இன்னொன்று, அதிலிருந்து இன்னொன்று. உள்ளே போகப் போக லாரிச் சத்தம் அடங்கிவிட்டது. மரங்கள் இரண்டு பக்கமும் நெருங்கி வந்தன. தண்ணீரின் மேல் இலை விழும் சத்தம்கூடக் கேட்டது. என் வீட்டுக்காரர் துடுப்பை மடியில் வைத்துவிட்டு அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தார். இவ்வளவு பக்கத்தில் இது இருந்திருக்கிறதே என்று ஒரு தடவை சொன்னார். கொஞ்ச நேரம் எனக்கு யார்மேலும் கோபம் இல்லை.

கயாக்கின் அடி தரையில் உரசியபோதுதான் பார்த்தேன். நாங்கள் வந்தபோது நுனி மட்டும் தெரிந்த வேர்க்குச்சிகள் இப்போது சாண் உயரத்துக்கு வெளியே நின்றன. திரும்பலாம் என்றேன். வேறு குறுக்கு வழி தெரியும் என்றார். அந்தக் குறுக்கு வழி முடிந்த இடத்தில் தண்ணீரும் முடிந்துவிட்டது. திரும்பிப் பார்த்தால் வந்த வாய்க்காலும் ஒரு ஈரக் கோடாக மட்டும் கிடந்தது. துடுப்பால் தள்ளினோம். துடுப்பு சேற்றுக்குள் போய் மாட்டிக்கொண்டதே தவிர, கயாக் அசையவில்லை.

கத்திப் பார்த்தோம். மரங்கள்தான். வெயில் உச்சிக்கு வந்தது. சாப்பாட்டு நேரம் கடந்தது. என் முன்னால் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரரின் பின்கழுத்தில் வியர்வை கொட்ட ஆரம்பித்தது. வெயில் வியர்வை எனக்குத் தெரியும், இது அது இல்லை. ஏங்க என்று தோளைத் தொட்டேன். திரும்பி, பஸ் வந்துவிட்டதா என்று கேட்டார். நாக்கு குழறியது.

மரங்களுக்கு நடுவே ஒரு இடைவெளி. அதற்கு அப்பால் அகலமாக, சமமாக, சாம்பல் தரை. அதைத் தாண்டினால் கரை. கரைமேல் ரோடு. ரோட்டில் ஒரு லாரி போவதுகூடத் தெரிந்தது. எங்கள் பக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு அது சிமெண்டுத் தரை மாதிரிதான் இருக்கும். எங்கள் தெருவில் பள்ளத்தை மூடுவதே அந்தச் சாம்பலை வைத்துத்தான். அதில் விளையாடியிருக்கிறோம், கல்யாணப் பந்தல் போட்டிருக்கிறோம். இவரைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு நடந்துவிடலாம் என்று முடிவு செய்து, ஒரு காலை வெளியே தூக்கிவிட்டேன். வைக்கும் முன் கேட்டேன்.

"அண்ணே, இது தாங்குமா? தெரியுமா உனுக்கு?"

பதில் வரவில்லை. திரும்பிப் பார்த்தேன். அவர் என் வீட்டுக்காரரையே பார்த்துக்கொண்டிருந்தார். என் வீட்டுக்காரரின் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டிருந்தது.

"தெரியாதும்மா" என்றார்.

நான் காலை உள்ளே எடுத்துக்கொண்டேன்.

"எனக்கு ஒண்ணியும் தெரியாது. நான் இங்க பொறக்கவே இல்ல. இந்தத் தண்ணில காலு வெச்சதே இன்னிக்கித்தான்." அவர் குரல் வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. அதைச் சொல்லும்போதே ஆரஞ்சுச் சட்டையோடு சேற்றில் வயிற்றை வைத்துக் குப்புறப் படுத்தார். தன் கயாக்கின் ஓரத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டார். வந்த வாய்க்காலிலேயே திரும்பிப் போய்ப் பெரிய ஆற்றைப் பிடிக்கப் போவதாகச் சொன்னார். போய்ச் சேர முடியுமா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவர் பழைய பதிலைச் சொல்லியிருக்க மாட்டார்.

"சத்தம் போட்டுகினே போறேன். சத்தம் நின்னுபோச்சின்னா நீ எறங்காத. மச்சானப் புட்ச்சிகினு இங்கியே குந்தினு இரு."

கையை ஊன்றி, கயாக்கைத் தள்ளி, அதன்மேல் பாரத்தைப் போட்டு, உடும்பு மாதிரி ஊர்ந்து போனார். வளைவில் மறைந்துவிட்டார். அதற்குப் பிறகு குரல் மட்டும். இருக்கிறேன் என்பதை மட்டும் சொல்லிக்கொண்டு போனார். "கீறேன்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "கீறேன்." நான் என் வீட்டுக்காரரின் கன்னத்தைத் தட்டிக்கொண்டே இருந்தேன். தூங்காதே, தூங்காதே என்று அவரைத் திட்டினேன். தூரத்தில், "கீறேன்." பிறகு அதைவிடத் தூரத்தில். பிறகு இல்லை.

எவ்வளவு நேரம் என்று என்னால் சொல்ல முடியாது. என் வீட்டுக்காரரின் பாரம் முழுக்க என் மேல் சாய்ந்துவிட்டது. அவருடைய மூச்சு இருக்கிறதா என்று உள்ளங்கையை மூக்கடியில் வைத்துக்கொண்டு, காதால் அந்தக் குரலைத் தேடிக்கொண்டிருந்தேன். இரண்டு உயிரை ஒரே நேரத்தில் காவல் காக்க வேண்டியிருந்தது. கடவுளைக் கூப்பிடவில்லை. மேஸ்திரிகளைத் திட்டினேன், சாம்பல் விட்டவர்களைத் திட்டினேன், அந்த மனிதரைத் திட்டினேன். பிறகு, குரல் வரட்டும், வந்தால் திட்டவே மாட்டேன் என்றேன்.

வந்தது இஞ்சின் சத்தம். எங்களைக் காணோம் என்று கயாக்காரர் ஃபைபர் படகில் தேடிக்கொண்டு பெரிய ஆற்றில் போயிருக்கிறார். எங்கள் வாய்க்காலைத் தாண்டிப் போகப் பார்த்தவர், அதன் வாயில் சேற்று உருண்டை மாதிரி ஒன்று கையை ஆட்டியதைப் பார்த்து நிறுத்தியிருக்கிறார். அதற்குத் தொண்டை கட்டிப்போய்ச் சத்தமே இல்லை. படகில் ஒரு கூல்ட்ரிங்க்ஸ் பாட்டில் இருந்தது. கயாக்காரரும் அவர் ஆளும் பலகைகளைச் சேற்றில் போட்டு, அதன்மேல் முட்டி போட்டு எங்களிடம் வந்தார்கள். அதை விரலால் தொட்டுத் தொட்டு என் வீட்டுக்காரரின் ஈறில் தடவினேன். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக விழுங்கினார். கண்ணைத் திறந்தார்.

நான் நடக்க இருந்த அந்தச் சாம்பல் தரையைக் கயாக்காரர் காட்டினார். மேலே ஒரு கை அளவுதான் கெட்டியாம். கீழே ஆளை இழுத்துக்கொள்ளும் சேறு. போன மழைக்கு ஒரு மாடு அதில் இறங்கியது, கொம்புகூட மிஞ்சவில்லை என்றார்.

பலகைமேல் இழுத்துப் படகேற்றி எங்களைக் கரைக்குக் கொண்டுவந்ததும், என் வீட்டுக்காரரை ஆட்டோவில் சாய்த்து உட்காரவைத்துக் கட்டிவந்த சோற்றை ஊட்டினேன். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று டிரைவர் வண்டியைத் திருப்பினார். என் வீட்டுக்காரர் தெளிவாகக் கேட்ட முதல் கேள்வி, அவன் எங்கே என்பதுதான்.

அவர் கரைச்சரிவில் உட்கார்ந்திருந்தார். தலையிலிருந்து கால்வரை சாம்பல் பூசின மாதிரி. கயாக்காரர் அவர் முன்னால் நின்று கத்திக்கொண்டிருந்தார். தெரியும் என்று ஏன் சொன்னாய், மூன்று உயிர் போயிருக்குமே என்று கேட்டார். நியாயமான கேள்விதான். இவர் குனிந்து விரலிடுக்கிலிருந்த சேற்றைச் சுரண்டிக்கொண்டிருந்தார். கத்தி ஓய்ந்து அந்த மனிதர் போன பிறகு நான் போனேன். திட்ட மாட்டேன் என்று சேற்றில் சொன்னதெல்லாம் கரைக்கு வந்ததும் போய்விட்டது. வாய் நிறைய வைத்திருந்தேன். ஆனால் முதலில் வந்தது இதுதான்.

"தெரியாதுன்னு காலைலயே சொல்லியிருக்கலாம்லண்ணே?"

தொண்டை கட்டியிருந்ததால் அவர் சொன்னது காற்றாகத்தான் வந்தது. குனிந்து கேட்க வேண்டியிருந்தது.

"சொல்லியிருந்தா என்னிய கூட்டினு வந்திருப்பியாம்மா?"

எனக்குப் பொய் வராது.

"மாட்டேன்" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. நான் சொன்னது சரிதான் என்பதுபோலத் தலையை மட்டும் ஆட்டினார்.